மாப்பிள்ளை ஊற்றிய தரை

தரைக்காரம்மாவுக்கு வாய் நீளம். இதை அவளுக்கு வேண்டாதவர்கள் சொல்லவில்லை; அவளிடம் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள், இனிமேல் பார்ப்பதாக இல்லை என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனவர்கள் எல்லோரும் ஒருமுகமாகச் சொல்வது. கணவர் போன பிறகு எட்டு வருஷமாக எபாக்சித் தரை போடும் தொழிலைத் தனியாளாக நடத்திவருகிறாள். மருந்துக் கிடங்கு, வண்டி பழுதுபார்க்கும் கொட்டகை, துணி ஆலை என்று எங்கே போனாலும் முகம் பார்க்கிற மாதிரி ஒரு தரையைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வருவாள். அது போட்டு முடிவதற்குள் கூட இருப்பவர்களின் காது புண்ணாகியிருக்கும். ரெசின் விற்கிறவர் முதல் பெற்ற மகள் வரை எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். வாங்காத ஒரே ஆள் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை நல்ல மனுஷர்; சோம்பேறி என்றோ திமிர் பிடித்தவர் என்றோ யாரும் சொல்ல முடியாது. நாற்பது வயது வரை அண்ணனோடு சேர்ந்து ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தவர், ஒருநாள் அதை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தரைக்காரம்மா வீட்டு மாடிக்குக் குடிவந்தார்கள். அவர் மாமியாரோடு வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் அம்மாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, அவரு ரோஷக்காரரு. அவங்க அண்ணன் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிட்டாருபோல, அதுக்குத்தான் அத்தனை வருஷத் தொழிலைத் தூக்கிப் போட்டுட்டு வந்தாரு. நீ அவரை எதுவும் சொல்லிடாத."

"நான் என்னடி சொல்லப்போறேன்?"

"நீ எதுவும் சொல்லாம இருந்தாப் போதும். இங்கேயிருந்தும் கிளம்பிட்டாருன்னா அப்புறம் நாங்க எங்க போறது?"

மகளின் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணுக்காகத் தரைக்காரம்மா தன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டாள். பழக்கமில்லாத பூட்டு. தாடை வலித்தது.

முதல் வாரமே சோதனை வந்தது. எபாக்சி என்பது இரண்டு டப்பாச் சமாசாரம். ஒன்றில் தேன்போலக் கெட்டியாக ரெசின், இன்னொன்றில் அதை இறுகவைக்கிற ஹார்டனர். இரண்டையும் கலந்ததுமே உள்ளே சூடு பிறக்கும். தரையில் மெல்லிசாகப் பரப்பிவிட்டால் அந்தச் சூடு ஆறிப்போகும். பக்கெட்டிலேயே குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் கலவையை இன்னும் முடுக்கிவிடும், முடுக்கிவிட்டதால் இன்னும் சூடாகும். மாப்பிள்ளை ஒரு பக்கெட் நிறையக் கலந்து வைத்துவிட்டு, அழைத்த போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது பக்கெட் புகைந்துகொண்டிருந்தது. கலக்குகிற கம்பி நட்டநடுவில் நட்டு வைத்ததுபோல நின்றது.

திட்டு அவளுடைய நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல நீளமான திட்டு, முன்னுரை பின்னுரையோடு. அதை மென்று விழுங்கிவிட்டு, "பரவாயில்ல மாப்பிள்ளை, உட்கார ஒரு முக்காலி கிடைச்சுது" என்றாள். இறுகிய கட்டியிலிருந்து பிளாஸ்டிக்கை உரித்து, நீட்டிக்கொண்டிருந்த கம்பியை அறுத்துவிட்டு, வீட்டு முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். வேலையிலிருந்து வந்ததும் அதன்மேல் உட்கார்ந்துதான் செருப்பைக் கழற்றுவாள். அவள் அதைப் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறமும் இப்படியேதான் ஓடியது. மாப்பிள்ளை இழுத்த ஓரம் கோணலாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து மண்டியிட்டு உட்கார்ந்து தானே சரிசெய்துவிடுவாள். அவளிடம் ரொம்ப நாளாக இருக்கும் வேலையாள் ஒருவர் உண்டு. வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர். "ஏன்க்கா, நான் செஞ்சிருந்தா இந்நேரம் என்னை உரிச்சுத் தொங்கவிட்டிருப்பீங்க" என்றார் அவர் ஒருநாள். "நீ என் மாப்பிள்ளையா?" என்றாள் தரைக்காரம்மா. ரேடியோ அன்று கொஞ்ச நேரம் ஒலிபரப்பை நிறுத்தி வைத்தார்.

மழைக்காலத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்றின் வேலை வந்தது. நடத்துகிற டீச்சர் புதிதாக இடம் மாறுகிறார். தவழ்கிற பிள்ளைகளும் நடை பழகுகிற பிள்ளைகளும் நாளெல்லாம் புரளப்போகிற கூடம். இடுக்கு, வெடிப்பு, கூர் எதுவும் இல்லாமல் கழுவித் துடைக்கிற மாதிரி ஒரு தரை வேண்டும் என்றார். தரைக்காரம்மா தேய்ப்பு மிஷினால் பழைய தரையைச் சுரண்டி, தூசியை உறிஞ்சி, அடிப்பூச்சு வரைக்கும் கூடவே நின்று பார்த்தாள். மேல்பூச்சு ஊற்றவேண்டிய காலையில் அவளுடைய கடைவாய்ப் பல் குடைய ஆரம்பித்துவிட்டது. பல் டாக்டரிடம் போகாமல் தீராது என்றாகிவிட, "நீங்க பார்த்துக்குங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் முகம் மலர்ந்ததை அவள் கவனிக்கவே செய்தாள். பாதிக் கன்னம் மரத்துப்போய்த் திரும்பி வந்தபோது கூடம் முழுக்க வெளிர்நீலத்தில் குளம்போலத் தளதளத்தது. மாப்பிள்ளை ஆணிச் செருப்போடு வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத் தரையில் தடம் பதியாமல் நடப்பதற்கான செருப்பு அது. வேலை முடிந்தும் கழற்ற அவருக்கு மனசு வரவில்லை.

"நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் கூடத்துக்குள் காலை வைத்ததும் செருப்புக்கு மேல் மாட்டிய உறை தரையில் ஒட்டிக்கொண்டது. கையுறையோடு குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். இழுத்தது. குளிர்தான் காரணமாக இருக்கும், சில நேரம் மெதுவாகத்தான் பிடிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிச்சச் சாமானை எடுத்து வைக்க வண்டிக்குப் போனாள். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. ரெசினும் ஹார்டனரும் எப்போதும் ஜோடியாகவே வரும். மிஞ்சினாலும் ஜோடியாகத்தான் மிஞ்சவேண்டும். வண்டியில் ரெசின் டப்பாக்கள் மூடி திறக்காமல் வரிசையாக இருந்தன. ஹார்டனர் ஒரு சொட்டுக்கூட இல்லை.

ரேடியோவைக் கூப்பிட்டாள். அவர் வானத்தைப் பார்த்தார், மழை வரும்போலிருக்கே என்றார், தொண்டையைக் கனைத்தார்.

"குளிரா இருக்கே, கொஞ்சம் கூட ஊத்தினா சீக்கிரம் செட் ஆயிடும்னு ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஒரு குவளை ஹார்டனர் சேர்த்து ஊத்தினாருக்கா மாப்பிள்ளை."

"நீ பார்த்துக்கிட்டா நின்ன? ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் பேசுற வாய் அப்ப எங்க போச்சு?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிக்கா சொல்றது? நீங்களே சொல்றதில்ல."

மாப்பிள்ளை செய்தது என்ன என்று அவளுக்கு அப்பட்டமாகப் புரிந்தது. தொட்டி செய்கிறவர்கள் எடுப்பது பாலியெஸ்டர் என்ற வேறு ரெசின்; அதில் ஹார்டனர் என்பது தீக்குச்சி மாதிரி. துளித்துளியாக விடுவார்கள், பற்றிக்கொண்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். குளிர்நாளில் கொஞ்சம் தாராளமாக விட்டால் வேலை சீக்கிரம் முடியும். இருபது வருஷம் அந்தக் கை அப்படியே பழகியிருக்கிறது. எபாக்சியில் ஹார்டனர் பற்றவைக்க வருவதில்லை. தரையின் உடம்பிலேயே அதற்குப் பங்கு உண்டு. ரெசினின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனையிலும் மூன்று அணுக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்த ஒரு சின்ன வளையம் இருக்கும். ஹார்டனர் அந்த வளையத்தைத் திறந்து ஒரு கையால் பிடித்துக்கொள்ளும், அடுத்த கையால் வேறொன்றை, இன்னொரு கையால் மற்றொன்றை. எல்லாக் கையும் எல்லாக் கையையும் கோத்து ஒரே வலையாக நின்றால்தான் தரை கல். ஹார்டனர் கூடிப்போனால் பிடிக்க ஆளில்லாத கைகள் உள்ளே சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், வலையும் தொளதொளத்துப் போகும். குளிரால் வந்த கோளாறு என்றால் சூடு காட்டிச் சரிபண்ணலாம். அளவு தப்பினால் சூரியனையே கூடத்துக்குள் இறக்கி வைத்தாலும் வராது.

அத்தனையும் தெரிந்துகொண்டு தரைக்காரம்மா என்ன செய்தாள் என்றால், இரண்டு ஹீட்டர் வாடகைக்கு எடுத்துவந்தாள்.

அவளுடைய வாழ்க்கையில் அவள் செய்த மகா அசட்டுத்தனம் அதுதான். "குளிர் ஜாஸ்தி டீச்சர், சூடு காட்டினா சரியாயிடும்" என்று கூசாமல் பூசி மெழுகினாள். மாப்பிள்ளையும் அதை நம்பி, ஹீட்டரைக் குழந்தைக்கு விசிறுவதுபோல மூலைக்கு மூலை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, ஒண்ணும் சொல்லலியே?" என்று மட்டும் கேட்டாள். "ஒண்ணும் சொல்லல" என்றாள் தரைக்காரம்மா. அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு தரை போனால் இன்னொரு தரை போட்டுவிடலாம். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அதற்கு எந்தக் கடையில் ஹார்டனர் வாங்குவது?

அடுத்த நாள் காப்பக டீச்சர் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். இன்னும் சரியாக நடை வராத பெண். தரையின் பளபளப்பைப் பார்த்ததுமே இறங்கவேண்டும் என்று துள்ளியது.

"நாளைக்குப் பிள்ளைங்க எல்லாம் வந்துடுவாங்க" என்றார் டீச்சர். "லேசா ஒட்டுது, அவ்வளவுதானே? மேல பாய் விரிச்சு மூடிட்டா ஆச்சு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. இவளை இறக்கி விடட்டுமா?"

இதைவிட வசதியாக ஒரு வழி யாருக்கும் கிடைக்காது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தரையும் தப்பிக்கும், மாப்பிள்ளையும் தப்பிப்பார், மகளின் குடித்தனமும் தப்பிக்கும். தரைக்காரம்மா அந்தக் குழந்தையின் கையைப் பார்த்தாள். உள்ளங்கை எச்சிலில் நனைந்திருந்தது. அப்போதுதான் வாயிலிருந்து எடுத்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் கையுறை போடாமல் ஹார்டனரைத் தொட்டு, மணிக்கட்டு முழுக்கச் சிவந்து வீங்கித் தோல் உரிந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. இறுகி முடிந்த எபாக்சி பரம சாது. இறுகாதது அப்படியில்லை.

"இறக்காதீங்க" என்றாள். "இந்தத் தரை இன்னிக்கில்ல, என்னிக்கும் இறுகாது டீச்சர். அளவு தப்பிப்போச்சு. எங்க தப்பு. குளிர்னு நான் சொன்னது பொய். மொத்தத்தையும் சுரண்டி எடுத்துட்டு என் செலவுல புதுசாப் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் ஒரு பிள்ளையும் இங்க கால் வைக்கக்கூடாது."

டீச்சர் முகம் சுருங்கியது, பிறகு மெதுவாகத் தெளிந்தது. "மாடியில ஒரு அறை இருக்கு, சமாளிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "அத்தை, ஏன் அப்படிச் சொல்லிட்டீங்க? இன்னும் ஒரு நாள் சூடு காட்டினா—"

அவ்வளவுதான். பூட்டுத் தெறித்துவிட்டது.

"சூடா? அறிவிருக்கா மாப்பிள்ளை உங்களுக்கு? தொட்டிக்குச் சொட்டு விடுற மாதிரி நினைச்சுட்டீங்களா இதை? டப்பாவுல அளவு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, கண்ணு எங்க இருந்துச்சு? ஒரு குவளை கூட ஊத்தறதுக்கு இது என்ன பூச்செடியா? தெரியலைன்னா கேட்கவேண்டியதுதானே, வாயில என்ன அடைச்சிருந்துச்சு? பக்கெட்டை வச்சுட்டுப் போன் பேசப் போறது, ஓரத்தைக் கோணலா இழுக்கறது, பக்கெட்டுச் சுவத்துல கலக்காம ஒட்டிக்கிட்டிருக்கறதை வழிச்சு வழிச்சு ஊத்தறது. அது அப்படியே பிசுபிசுன்னு நிக்குமே, அந்த நினைப்பு வேணாம்?"

மாதக்கணக்கில் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் 'ங்க' போட்டு, 'மாப்பிள்ளை' போட்டு, மரியாதை குறையாமல் வரிசையாக வெளியே வந்தது. ரேடியோ வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோதுதான் தான் செய்த காரியம் தரைக்காரம்மாவுக்கு உறைத்தது. மகளின் கலங்கிய கண் முன்னால் வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

மாப்பிள்ளை ஹீட்டரை அணைத்தார். ஒயரைச் சுற்றி ஓரமாக வைத்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துக் காலையிலயே."

"நேத்தே சொல்லியிருக்கலாமே அத்தை. நான் முட்டாள் மாதிரி ஹீட்டரைத் தள்ளிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"சொன்னா நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிடுவீங்கன்னு உங்க பெண்டாட்டி அழுதா. உங்க அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதுக்கே—"

"எங்க அண்ணன் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்ல" என்றார் மாப்பிள்ளை. குரல் இறங்கிவிட்டது. "அதுதான் விஷயம். நான் ஒட்டின தொட்டி மூட்டுகளை எல்லாம் நான் வீட்டுக்குப் போனப்புறம் ஆள் வச்சுப் பிரிச்சு மறுபடி ஒட்டியிருக்காரு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்கா. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அது தெரிஞ்ச அன்னிக்குத்தான் கிளம்பினேன். இங்க வந்தா நீங்களும் நான் சாப்பிடப் போன நேரத்துல மண்டி போட்டு ஓரத்தைச் சரிபண்றீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? தினம் நான் புகைய விட்ட பக்கெட்டு மேல உட்கார்ந்துதான் செருப்பைக் கழட்டறீங்க. திட்டறதுக்குக்கூட லாயக்கில்லாதவன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன்."

தரைக்காரம்மாவுக்கு இப்போதுதான் புரிந்தது. தாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷரைத் தினமும் தள்ளி வைத்திருக்கிறாள். அழுகை வரும்போலிருந்தது. அழத் தெரியாதவள் ஆனதால் வழக்கப்படி கோபப்பட்டாள்.

"சரி, என்ன நின்னுக்கிட்டிருக்கீங்க? முகமூடியை மாட்டுங்க. சுரண்டியை எடுங்க. கையுறை ரெண்டு ஜோடி, ஒண்ணு மேல ஒண்ணு. ரேடியோ, சன்னலை எல்லாம் திற."

அன்று முழுவதும் மூன்று பேருமாகச் சுரண்டினார்கள். பாகுபோலச் சுருண்டு வந்ததை மூட்டையில் அடைத்து, கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி சுரண்டினார்கள். தரைக்காரம்மா ஒரு நிமிஷம் வாயை மூடவில்லை. சுரண்டியைப் பிடிக்கிற விதம் தப்பு, உட்காருகிற விதம் தப்பு, மூட்டை கட்டுகிற முடிச்சு தப்பு. மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் "சரி அத்தை" என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தார். மாலையில் ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வந்த மகளுக்குத் தெருமுனையிலேயே அம்மாவின் குரல் கேட்டுவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்து வாசலில் நின்றவள், புருஷன் தலை முதல் கால் வரை நீலத் துணுக்குகளோடு உட்கார்ந்திருப்பதையும், முகமூடிக்கு மேலே அவர் கண் சிரிப்பதையும் பார்த்தாள். டீயை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ரேடியோவிடம் கொடுத்தாள்.

தரையை மறுபடி தேய்த்து, அடிப்பூச்சுக் கொடுத்து, அது பிடித்த பிறகு மேல்பூச்சுக்கு நாள் வந்தது. மாப்பிள்ளை தராசைக் கொண்டுவந்து சமமாக நிறுத்தி, ரெசினையும் ஹார்டனரையும் எடை பார்த்துக் கலந்தார். கலந்ததும் ஒரு நொடிகூட வைக்காமல் ஊற்றினார். பல் வைத்த தகட்டால் ரேடியோ இழுத்துவிட, பின்னாலேயே மாப்பிள்ளை முள் உருளையை ஓட்டிக் குமிழிகளை உடைத்தார். கூடம் வாசல் வரை நீலமாகிக்கொண்டு வந்தது. கடைசிப் பக்கெட்டைத் தரைக்காரம்மா ஊற்றினாள். இரண்டு முறை சாமான் வாங்கியதில் மனசு சிக்கனத்தில் இறங்கியிருந்தது. பக்கெட்டைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் உள்சுவரில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழிக்கப் போனாள்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

கூடத்தின் நடுவிலிருந்து வந்த குரலில் சன்னல் அதிர்ந்தது.

"வழிக்காதீங்க. சுவத்துல ஒட்டினது சரியாக் கலந்திருக்காது, பிசுபிசுன்னு நிக்கும். அன்னிக்கு அத்தனை பேச்சுப் பேசினீங்க, உங்களுக்கே ஞாபகம் இல்லையா? நாலு சொட்டுக்கு ஆசைப்பட்டு வாசப்படியிலயே பிள்ளைங்க கையை வைக்கிற இடத்தைக் கெடுக்கப் பார்க்கறீங்களே. பக்கெட்டைக் கீழ வைங்க முதல்ல."

ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டார். தரைக்காரம்மாவை இப்படிப் பேசியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அவள் செய்வதில் தப்பு இருக்கும் என்று யாரும் வாயைத் திறந்ததில்லை. அவளுடைய மூக்கு நுனி சிவந்தது. ஆணிச் செருப்போடு ஈரத் தரையின் நடுவில் உருளையைத் தடியைப்போல ஊன்றிக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"சரி சரி, கத்தாதீங்க" என்று பக்கெட்டை நிமிர்த்திக் கீழே வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்துக் கட்டிமேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பிறகு அதை உருட்டிக்கொண்டுபோய்க் குப்பை வண்டி வருகிற இடத்தில் விட்டுவிட்டு வந்தாள். மாடிப்படியில் மகள் கவலையோடு நின்றிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு? கண்ணெல்லாம் சிவந்திருக்கு. இன்னிக்கும் ஏதாவது சொல்லிட்டியா அவரை?"

"நான் எங்கடி சொன்னேன்?" என்றாள் தரைக்காரம்மா. சிரிப்பை அடக்கமுடியவில்லை. "உன் புருஷனுக்கு வாய் நீளம்."